பர்லியாரில் பழகிய வெயில்

போன வாரம் குன்னூர் கடைவீதியில் வாயைப் பிளந்து நின்றேன். எங்கள் அத்தா ஸ்வெட்டர் விற்ற கடையின் வாசலில் மேசை மின்விசிறிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. குன்னூரில் மின்விசிறி! அத்தா இருந்திருந்தால், "ஏனுங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று கடைக்காரரை விசாரித்திருப்பார். மனிதனுக்கு எதிரி குளிர் ஒன்றுதான் என்று நம்பியவர். கம்பளியும் அந்துருண்டையும் கலந்த வாசனைதான் எனக்கு அத்தாவின் வாசனை.

என் முதல் நீட் தேர்வைப் பாழாக்கியதும் அந்த நம்பிக்கைதான். மே மாதம், கோயம்புத்தூரில் மையம், மதியத் தேர்வு. எனக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டி, ஃபிளாஸ்க் நிறைய சுக்குக் காப்பியோடு அழைத்துப் போனார். வெயில் என்று ஒன்று இருப்பது வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்ததெல்லாம் தலைக்குள் பத்திரமாகத்தான் இருந்தது, தலைதான் கொதித்தது. பாதித் தேர்வில் மூக்கிலிருந்து ரத்தம் விடைத்தாளில் சொட்டியது. கண் இருட்டிக்கொண்டு வர, இயற்பியல் கேள்விகளைத் தொடவே இல்லை. என் மருத்துவப் படிப்பு ரத்தத்தோடு தொடங்கியது என்று இப்போது ஜோக்கடிக்கிறேன். அன்றைக்குப் பஸ் முழுக்க அழுதேன்.

இன்னும் ஒரே ஒரு தடவை, அதோடு சரி என்று வீட்டில் முடிவாயிற்று. அத்தா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"படிப்பு பத்தலைன்னா வாத்தியார்கிட்டப் போலாம். உனக்கு வெயிலுதான் பத்தலை, கண்ணு. அதுகிட்டப் போவோம்."

மறு வருஷம் ஞாயிறுதோறும், சுற்றுலாக் கூட்டம் அலைமோதும் நாளில், கடை ஷட்டரை இழுத்துவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினோம். பாதி மலை இறங்கினால் பர்லியார். அங்கேயே காற்று சுட ஆரம்பித்துவிடும். பழப்பண்ணை ஓரம் குட்டைச் சுவர் ஒன்றில், நிழல் எட்டாத இடமாகப் பார்த்து என்னை உட்காரவைத்து மாதிரி வினாத்தாளை நீட்டுவார். அவரும் எதிரே வெயிலில் உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை ஒரு குரங்கு வேதியியலைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

பழம் விற்கும் அக்காவுக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க, பெத்த புள்ளைய எதுக்குங்க இப்படிக் காயப் போடறீங்க?"

"மேல மலையில எதுவும் காய மாட்டேங்குதுங்களே!" என்றார் அத்தா. அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கு ஒரு கணக்கு தப்பிப்போனது.

இன்னொரு நாள், உதிர்ந்து கிடந்த ஜாதிக்காயை எடுத்துவந்து என் எதிரில் பிளந்தார். உள்ளே பளபளக்கும் கருங்கொட்டை. அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலை பின்னியதுபோல ஜாதிபத்திரி. புத்தகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடாக மனப்பாடம் செய்த சமாச்சாரம்! அத்தா அதை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுபுஹானல்லாஹ்!" என்றார் கடைசியில். "யாரு பாக்கறதுக்கு உள்ளார இம்புட்டு அழகை வெச்சான்?"

அந்த வருஷம் தேர்வறையில் என் தலைக்கு மேல் இருந்த மின்விசிறி ஓடவில்லை. பக்கத்துப் பெண் தவித்தாள். எனக்குக் கை நிற்கவில்லை. இடம் கிடைத்தது. கல்லூரியில் முதன்முதலாக ஒரு மனித இதயத்தைத் திறந்து காட்டியபோது, அத்தாவின் அந்தக் கேள்விதான் காதில் கேட்டது.

ஆனால் பெரிய வியப்பு அதற்கப்புறம் காத்திருந்தது. படிப்பு முடியும் தறுவாயில் அத்தா மவுத்தாகி, கடையும் கைமாறியது. நான் சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் சேர்ந்தேன். முதல் கோடையிலேயே வெயிலில் சுருண்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சிவந்த முகம், காய்ந்த நாக்கு, குழறும் பேச்சு, பிடிமானம் தேடும் கை. பார்த்ததும் திடுக்கிட்டேன். ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸில் அத்தா அப்படியேதான் இருப்பார். "தூக்கம் வருது கண்ணு" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். நானும் தூக்கம் என்றே நினைத்தேன். கொண்டுபோன தண்ணீரெல்லாம் எனக்குத்தான். அத்தாவுக்கும் வெயில் ஆகாது. நானாவது பழகிக்கொண்டேன், அவர் கடைசிவரை பழகவே இல்லை. இருந்தும் ஒரு ஞாயிறுகூட நிழலுக்கு நகர்ந்ததில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷர்!

இப்போது மலையிலேயே தேர்வு எழுதலாமாம். வெயிலைத் தேடி யாரும் இறங்க வேண்டாம்; அதுவே மேலே ஏறி வந்துவிட்டது.

நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்துக் கடைக்காரர் எழுந்து வந்தார். "ஃபேன் பாக்கறீங்களா, மேடம்?"

"வேண்டாங்க" என்றேன். "எங்க அத்தா எனக்கு வெயில் பழக்கி உட்டிருக்காருங்க."