சின்னப் பிள்ளைகூட ஓட்டும்

'புதியவர்களுக்கு மிக எளிது' என்று எங்காவது படித்தால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்றை எளிது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அது வராதவர்கள் எல்லாரும் மக்குகள் ஆகிவிடுகிறார்கள். அந்த வார்த்தையை எங்கள் கம்பெனிக்குள் கொண்டுவந்தவன் நான். அதனால் என் கோபத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது.

ஒரகடத்தில் கார் கம்பெனிக்கு ரப்பர் பாகங்கள் செய்து அனுப்பும் சின்ன யூனிட் எங்களுடையது. நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெட்டிகளுக்கு பார்கோடு லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர்தான் பெரிய தலைவலி. கண்டவனும் பென் டிரைவைச் செருகிப் பாட்டு ஏற்றியதில் வைரஸ் அதில் குடும்பமே நடத்தியது. லாரி வாசலில் நிற்கும்போது பார்த்து, 'அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்' என்று வட்டம் சுற்றும். புதிதாக ஒன்று வாங்க முதலாளிக்கு மனசு வராது.

குன்றத்தூரில் என் வீட்டு லேப்டாப்பில் இரண்டு வருடமாக விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். எடைக்குப் போட இருந்த என் லேப்டாப் அதைப் போட்டதும் எழுந்து உட்கார்ந்தது. நம்மைக் கேட்காமல் அப்டேட்டில் இறங்காது. வைரஸ் பயமும் அவ்வளவாக இல்லை. மெனு, ஃபோல்டர் எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். இவ்வளவையும் முதலாளியிடம் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "சின்னப் பிள்ளைகூட ஓட்டும் சார்" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் லேபிள் அடித்தவள் வடக்குப்பட்டுப் பெண். கான்ட்ராக்டில் சேர்ந்து மூன்றாவது வருடம். தீபாவளிக்கு முன்னால் நிரந்தரம் செய்துவிடுவதாக முதலாளியே அவளிடம் சொல்லியிருந்தார். அவள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான். அந்த நிரந்தர ஆர்டர் கைக்கு வர நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு மெஷின் நிற்கும் நாள் ஆயுத பூஜை ஒன்றுதான். அன்று காலையிலேயே போய் லினக்ஸைப் போட்டேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆபீஸ் பிரிண்டரைத் தானே கண்டுபிடித்து அழகாக ஒரு பக்கம் அடித்துக் காட்டியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. லேபிள் பிரிண்டரையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று திரும்புவதற்குள் முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். மானிட்டரில் மூன்று பட்டை, பிரிண்டர் தலையில் பொட்டு, கீபோர்டின் மேல் சாமந்திச் சரம்.

"ஒரே ஒரு லேபிள் அடிச்சுப் பாத்துட்றேன் சார்."

"யோவ், பூஜைல வச்சாச்சு. நாளைக்குக் கற்பூரம் காட்டித்தான் தொடணும். கைய எடு."

எடுத்தேன். அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? பூஜையில் வைத்த ஸ்பேனரை நானே மறுநாள்வரை தொட மாட்டேன். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நான் லீவு போட்டுக் குடும்பத்தோடு குன்றத்தூர் மலைப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அவள்தான்.

"அண்ணா, கோடு பாதிதாண்ணா வருது. மீதி அடுத்த ஸ்டிக்கர்ல போவுது. வண்டி நிக்குது."

"செட்டிங்ஸ்ல பேப்பர் சைஸ் இருக்கும் பாரும்மா."

"எங்கண்ணா? ஏ ஃபோர்னுதான் கீது. நம்ம ஸ்டிக்கர் சைஸு இல்லியே."

"இருக்கும்மா! கண்ணத் தொறந்து பாரு. ஈஸிதான்!"

கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது அங்கே இல்லவே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாமலேயே கத்தினேன்.

அந்தப் பக்கம் சூப்பர்வைசர் நேரம் போகிறது என்று அவள் தலைமேல் நின்றிருக்கிறான். இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பியாக வேண்டும். அவள் ஒவ்வொரு லேபிளின் இரண்டு பாதியையும் கத்தரியால் வெட்டி, கோட்டோடு கோடு சேர்த்து ஒட்டி அனுப்பியிருக்கிறாள். பிறகு நான் பார்த்தேன். கண்ணுக்கு ஒட்டே தெரியவில்லை. ஆனால் கார் கம்பெனி கேட்டில் ஸ்கேனருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெட்டியைக்கூட அது படிக்கவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி குதித்துக்கொண்டிருந்தார். "சின்னப் புள்ளகூட ஓட்டும்னு சொன்னியே! இவளால முடியலியே! இத்த நான் பர்மனெண்ட் வேற பண்ணணுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். "செட்டிங்ஸ்ல சின்னப் பிரச்சினை சார், பாத்துட்றேன்" என்றேன். அவ்வளவுதான் என் வீரம்.

அந்தச் சின்னப் பிரச்சினைக்கு மூன்று மணி நேரம் ஆனது. அந்த பிரிண்டரை ஓட்டும் மென்பொருள், டிரைவர் என்பார்கள், அதுவே உள்ளே இல்லை. வேறு ஏதோ ஒன்றை வைத்து அதுவாகச் சமாளித்திருக்கிறது. உதவி கேட்க லினக்ஸுக்குக் கம்பெனி நம்பர் எதுவும் கிடையாது. இருப்பது இன்டர்நெட்டில் நாலு பேர் கூடிப் பேசும் இடம். அங்கே இதே பிரிண்டரை வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் ஆங்கிலத்தில் அழுதிருக்கிறான். 'ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது, தேடிப் பார்' என்று ஒரு மேதாவி எழுதிவிட்டுப் போயிருக்கிறான். இலவசமாக ஊருக்குக் கொடுக்கத் தெரிகிறது, வருகிறவனுக்கு ஒரு பதில் சொல்ல வாய் வலிக்கிறதா? கடைசியில் எங்கிருந்தோ டிரைவரைப் பிடித்து, திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகக் கட்டளை அடித்து ஏற்றினேன். எந்தச் சின்னப் பிள்ளை அடிக்கும் அதை?

லேபிள் முழுசாக வந்தது. முதலாளி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இப்ப வருது பாரு. சிஸ்டத்துல ஒண்ணும் இல்ல. ஓட்டத் தெரியல அவளுக்கு" என்றார். நான் பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிரந்தரம் ஆனவர்கள் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. தீபாவளிக்கு அடுத்த வாரம் கான்ட்ராக்டும் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நின்றதில்லை.

போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் எதிர் சீட்டில் அவள். வேறு கம்பெனியில் மறுபடியும் கான்ட்ராக்ட், முதல் வருடத்திலிருந்து.

"அந்த சிஸ்டம் ஓடுதாண்ணா?"

"ஓடுதும்மா. நல்லாத்தான் ஓடுது."

"எனக்கும் புடிச்சுதாண்ணா இருந்துச்சு. எழுத்தெல்லாம் பெருசு பெருசா." ஆட்டோவுக்குச் சில்லறையை எண்ணி எடுத்தாள். "அன்னிக்கு சரி பண்ண உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"மூணு மணி நேரம்."

"எனக்கு இருவது நிமிசம் குடுத்தாங்க." கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. "அத்த மொதலாளியாண்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லண்ணா?"

ஸ்டேஷன் வந்தது. அவள் இறங்கிப் படியேறிப் போய்விட்டாள். அன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது மூன்றே வார்த்தை: தப்பு என்னுது சார். சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.