தன் கையையும் சோதித்தவர்

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது தொலைபேசி அடித்தது. "டீச்சர், சந்தியாகு சார் போயிட்டாங்க" என்றாள் ரோசாலி. நிறுத்தி நிதானமாகப் பேசும் பெண். அன்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சந்தியாகு சார் தூத்துக்குடியில் இயற்பியல் கற்பித்தவர். அதே பள்ளியில் நான் ஆங்கிலம் கற்பித்தேன். ஓய்வு பெற்றபின், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துக் கணினியில் பதிவுசெய்யும் சிறு குழு ஒன்றை அவர் தொடங்கினார். என் கணவர் காலமான சமயம் அது. ஆறுதல் சொல்ல வருபவர்களை எனக்குப் பிடிக்காது. சார் ஆறுதல் சொல்லவில்லை. "டீச்சர், வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு யாரத் திருத்துவீங்க? வந்து எங்க உச்சரிப்பத் திருத்துங்க" என்றார். மறுநாளே போனேன். திருத்துவதற்கு நிறைய இருந்தது.

ரோசாலி, மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்துப் பெண். அவள் வாசிப்பில் மட்டும் நான் குறை கண்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு அவள் குரலில் பாதி முடிந்திருந்தது. தேர்வு நெருங்கிய வேளையில் கணினி ஊமையானது. பதிவும் ஆகவில்லை, பதிந்ததைக் கேட்கவும் முடியவில்லை. முந்தின நாள் அவள் கடைத்தெருவில் வாங்கிய ஹெட்போனைச் செருகியிருந்தாள். "அந்த மட்டமான ஹெட்போன்தான் சவுண்ட் கார்டக் கெடுத்திருக்கு" என்று சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ரோசாலி ஹெட்போனைக் கழற்றி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதன்பின் வரவில்லை.

ஆனால், சொன்னதைச் சோதிக்காமல் விடும் மனிதர் அல்லர் அவர். ஸ்பீக்கரைத் தம் வானொலியில் மாட்டினார், பாடியது. பழைய பதிவை ஓட்டியபோது கணினித் திரையில் ஒலி அளவு ஏறி இறங்கியது. மென்பொருளிலும் கோளாறு இல்லை. பெட்டியைத் திறந்து, ஒலிக்கென்று இருக்கும் அந்தக் கார்டைக் கழற்றி, அதன் விளிம்பை அழிப்பானால் தேய்த்து, வேறு இடத்தில் பொருத்தினார். சத்தமில்லை. தம் வீட்டுக் கணினியில் பொருத்தினார். அங்கும் இல்லை. பழுது கார்டில்தான் என்பது உறுதியாயிற்று. வேறொருவராக இருந்தால் அத்தோடு நிறுத்தியிருப்பார். அவரோ பூதக்கண்ணாடியை எடுத்து, கார்டில் ஹெட்போனும் மைக்கும் செருகும் துளைகளைப் பார்த்தார். ஹெட்போனே படாத துளை உட்பட எல்லாவற்றிலும் எண்ணெயும் தூசியும் கறுப்புப் பசையாக அடைத்திருந்தன.

உப்புக்காற்றுக்குப் பயந்து கதவுக் கீல் முதல் குடைக்கம்பி வரை எண்ணெய் விடுவது எங்கள் ஊர் வழக்கம். கணினிக்கும் விட்டவர் யார் என்று நாங்கள் கேட்குமுன்பே சார் சொன்னார்: "நாந்தான். துருப்பிடிச்சிரக் கூடாதுன்னு மெஷின் எண்ணெய் விட்டேன். ரோசாலி மேல ஒரு குத்தமும் இல்ல."

"சரி சார், புதுக் கார்டு போட்டிரலாம். இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார் குழுவில் ஒருவர்.

"அவளச் சொன்னது எல்லார் முன்னாலயும். என்னையச் சொல்லுதது மட்டும் நமக்குள்ளயாக்கும்?"

அன்று மாலையே திரேஸ்புரத்துக்குப் புறப்பட்டார். நானும் உடன் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் காதுபட, வாசலில் நின்றே நடந்ததைச் சொன்னார். ரோசாலி கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் இளகவில்லை. பிறகு, "எங்க வீட்டுத் தையல் மெஷினு ரொம்ப நாளா கரகரங்குது. எண்ணெய் விட ஆள் தேடிக்கிட்டிருந்தேன். உள்ள வாங்க சார்" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றுதான். மறுநாள் ரோசாலி வந்தாள். புதுக் கார்டில் பதிவு தொடர்ந்து, தேர்வுக்கு முன் வரலாறு முடிந்தது.

இன்று துக்க வீட்டில், சாரின் சவப்பெட்டி அருகே ஓர் இளைஞர் வெள்ளைக் கோலுடன் நின்றிருந்தார். கல்லூரியில் வரலாறு படிக்கிறாராம். பின்னாலிருந்து ரோசாலி, "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். அவர் சட்டென்று திரும்பினார். "அக்கா, நீங்கதான எங்களுக்கு வரலாறு வாசிச்சது?"

ரோசாலி அவர் கையைப் பிடித்து, சாரின் காலடிக்கு அழைத்துச் சென்றாள்.

சென்று வாருங்கள், சார். உங்களைப் பற்றி எழுதியதில் பிழை இருக்கக் கூடாதென்று இதை இருமுறை திருத்தியிருக்கிறேன்.