கருவண்டு துளைத்த ஏணி

இப்போது எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் சிமெண்டுப் படி இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது மூங்கில் ஏணிதான். அதில் கருவண்டு துளை போட்டுக் குடியிருந்தது. கீழே எப்போதும் மஞ்சளாய் மூங்கில் தூள் கொட்டிக் கிடக்கும்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று காலை அப்பா அதை ஒதுக்கி வைத்தார். "வண்டு தின்னே தீத்துடுச்சு. ஏறினா எலும்பு மிஞ்சாது."

எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, வேலை தேடிக்கொண்டிருந்தவர். சாப்பாட்டில் எல்லோருக்கும் முன்பே "போதும்க்கா" என்று எழுந்துவிடுவார். கை கழுவுவதில் என்னோடு போட்டி போடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

"வண்டு மரத்தைத் தின்னாது மாமா. முட்டை வைக்கப் பொந்து குடையும், அவ்ளோதான். தின்றது கரையான். வெளிய தெரியாம உள்ளயே தின்னும்" என்றார் அப்பாவிடம். அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"தின்றதைப் பத்தி உன்னைவிட யாருக்குடா ஜாஸ்தி தெரியும்?" என்றார் அப்பா.

மாமாதான் முதலில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து பச்சை பெயிண்டு அடித்த மர ஏணியை அப்பா இரவல் வாங்கி வந்தார். சாயங்காலம் மாமா முதலில் ஏறினார். மூன்றாவது படி அப்பளம்போல் நொறுங்கியது. உடைந்த கட்டைக்குள் ஒரே மண்ணும் வெள்ளைப் பூச்சியும். பெயிண்டு மட்டும்தான் ஏணியாக நின்றிருந்தது.

"கரையான்" என்றார் மாமா, சுளுக்கிய காலைப் பிடித்துக்கொண்டு. வலியிலும் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்.

வேறு வழியின்றி மூங்கில் ஏணியைச் சாத்தினார்கள். முனகிக்கொண்டே எங்களை ஏற்றிவிட்டது. மாமா கீழேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் சந்திலிருந்து பார்த்தால் மலை உச்சியை எதிர்வீடு மறைக்கும். தெருமுனையிலோ நிற்க இடமில்லாத கூட்டம்.

உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்றது. அம்மா கும்பிட்டுவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள். "தீபம் பாக்காம சாப்பிட மாட்டான். காலையிலேர்ந்து விரதங்க" என்றாள்.

அப்பா இறங்கினார். மாமாவை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு அதே ஏணியில் திரும்ப ஏறினார்.

"கழுத்தை நெரிக்காதடா" என்றவர், பாதி ஏணியில் நின்றார். "என்னடா, பஞ்சு மாதிரி இருக்க?"



அன்று ராத்திரி அப்பா மாமாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, "போதும் மாமா, போதும்" என்று மாமா கையால் மறிக்க மறிக்கத் தானே சோறு போட்டார்.

வண்டு துளைத்த மூங்கில் இரண்டு பேரைத் தாங்கியதே என்றுதான் நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மாமா ஏன் அவ்வளவு லேசாக இருந்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.