இரட்டை டிஸ்க் வண்டியின் மாஸ்டர் சிலிண்டர்

மெக்கானிக்குகளை நான் நம்புவதில்லை. என் வண்டியில் இன்னொருவன் ஸ்பேனர் வைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் லீவரை அமுக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் முன் பிரேக்கில் கசிய ஆரம்பித்ததும், பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கி நானே மாட்டினேன். முன்சக்கரத்தில் இரண்டு டிஸ்க் உள்ள பெரிய வண்டியிலிருந்து கழற்றியது. என் வண்டிக்கு ஒரே டிஸ்க், அதைப் பேடுகளால் கவ்விப் பிடிக்க ஒரே காலிப்பர். பெரிய வண்டிச் சாமான் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்தேன். லீவரை அமுக்கினால் கெட்டியாக நின்றது. தெருமுனை வரை ஓட்டினேன், பிடித்தால் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை தங்கையின் ஸ்கூட்டர் பஞ்சர். கல்பாக்கத்தில் அவளுக்கு வேலை. என் வண்டியும் அவளுக்குப் பழக்கம்தான். "இத்த எடுத்துக்கினு போ, பிரேக்கு சூப்பரா கீது" என்று சாவியை நானே கொடுத்தேன்.

அவள் போன பிறகு, பீற்றிக்கொள்ளத்தான், மெக்கானிக் நண்பன் ஒருவனுக்கு போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"மச்சான், ரெண்டு காலிப்பருக்கு போடறத ஒண்ணுக்கு போட்டுகீற. பிஸ்டன் பெருசுடா. லீவர் வெறப்பா நிக்கும், பேடுக்கு அழுத்தம் போவாது. வண்டிய எடுக்காத."

"நேத்து நின்னுச்சேடா."

"நீ கல்லு செதுக்கறவன். ஒன் கைக்கு நிக்கும்."

சிற்பக்கூடத்தில் நாளெல்லாம் சுத்தியல் பிடிக்கிற கை என்னுடையது. அவள் கம்ப்யூட்டரில் தட்டுகிறவள். போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்யப் பயமாக இருந்தது. எடுக்கப் போய் எதிலாவது மோதிவிட்டால்? பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு ஈ.சி.ஆரில் விரட்டினேன். எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் வேகத்தைக் குறைத்தேன். அங்கே தரையைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனேன்.

கல்பாக்கத்துக்குச் சற்று முன்னால், சாலையோர மணலில் என் வண்டி கிடந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. முன்னால் போன பஸ் சட்டென்று நிற்க, கால் பிரேக்கை மிதித்து மணலில் இறக்கியிருக்கிறாள். எனக்கு உயிர் வந்தது. கூடவே பாழாய்ப்போன கோபமும் வந்தது.

"பிரேக்கு புடிக்கலன்னு தெரியலயா? ஏன் நிறுத்தாம வந்த?"

"கெளம்பினப்பவே தெரிஞ்சிதுண்ணா." முழங்கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். "நீதான் சூப்பரா கீதுன்னியே. என் கையிலதான் பலம் இல்லன்னு நெனச்சிக்கினு வந்தேன்."