மீட்டருக்குக் கால் ஏது?

ஆக்னஸ் அலுத்த முகத்தோடே பிறந்தவள் என்று ஃபாக்டரியில் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காட்பாடியில் விடியலில் பாசஞ்சரைப் பிடித்து, நின்றுகொண்டே ஆம்பூர் வந்து, தோல் ஊறும் நாற்றத்துக்குள் நடந்து, சாயங்காலம் அதே மாதிரி திரும்புகிறவளுக்கு முகம் வேறெப்படி இருக்கும்? பேங்க் பரீட்சையில் தேறாமல், வேலூரில் கம்ப்யூட்டர் படித்து, எண்பத்தெட்டில் எங்கள் தோல் கம்பெனிக்கு ப்ரோக்ராம் எழுத வந்தவள். நான் வஜீதா. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை அடித்துக் கொடுத்தவள்.

கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். மேனேஜர் தேவானந்தம் சார்கூடக் கையைக் கட்டிக்கொண்டுதான் அந்த டப்பாவின் முன்னால் நிற்பார். அது சொன்னால் சொன்னதுதான்.

தோலை நாங்கள் சதுர அடியில் அளப்போம், கால் கால் அடியாக. காலுக்குக் குறைந்த பிசிறை விட்டுவிடுவோம். அந்தப் பிசிறை வெட்ட ஆக்னஸ் ஒரு சின்ன ப்ரோக்ராம் துண்டு எழுதி, அதற்கு 'ரவுண்ட்' என்று பேர் வைத்திருந்தாள். எங்கள் தோலை வாங்குகிற ஜெர்மனிக்காரன் சதுர மீட்டரில் கணக்குக் கேட்டதும், அடியை மீட்டராக மாற்றுகிற ரெடிமேட் ப்ரோக்ராம் தொகுப்பு ஒன்று மெட்ராஸிலிருந்து ஃப்ளாப்பியில் வந்தது. லைப்ரரி என்பார்கள் அதை. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. கூப்பிட்டால் வேலை செய்யும், அவ்வளவுதான். ஆக்னஸ் அதைத் தன்னுடையதோடு இணைத்தாள். ஒரு எர்ரர்கூட வரவில்லை.

விடிந்ததெல்லாம் சுப்பராயன் தலையில். அளவு மெஷினில் நின்று ஒவ்வொரு தோலுக்கும் அடி எழுதுகிறவர் அவர். அவர் எழுதிய அடிக்கு வரவேண்டிய மீட்டர் கம்ப்யூட்டர் தாளில் வரவில்லை. குறைந்தே வந்தது.

"அடியை ஜாஸ்தியா எழுதிட்டு, தோலைப் பின்பக்கமா தள்ளிட்டிருக்கியா?" என்றார் சார்.

"மறுபடி அளந்து பாருங்க சார்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாய்யா?"

அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அட பாவிகளா, அந்த மீட்டரே அவர் எழுதிய அடியிலிருந்து வருவதுதானே! ஒரே ஒரு தோலை எடுத்துப்போட்டுக் கையால் பெருக்கிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் ஆகியும் ஆக்னஸுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒரு மத்தியானம், "அந்தாளு திருடுற ஆளு இல்ல வஜீதா. நீ அந்தத் தாளைப் படி, நான் பாக்குறேன்" என்றாள். டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கவில்லை. நான் மீட்டர் கணக்கைப் படித்தேன்.

"ஒண்ணே முக்கால், ரெண்டு, ஒண்ணரை, ஒண்ணே முக்கால், ரெண்டே கால்..."

"நிறுத்து. இன்னா படிச்ச?"

"இன்னா படிச்சேன்? எப்பவும் படிக்கிறாப்பலதான், காலும் அரையுமா."

"அது அடிக்குத்தான்டி! மீட்டருக்குக் கால் ஏது? ஒண்ணு புள்ளி எட்டு ஆறு, ஒண்ணு புள்ளி ஒம்பது ரெண்டுன்னு கன்னாபின்னான்னு வரணும். எல்லாத் தோலும் எப்படிக் கால்லயும் அரையிலயும் போய் நிக்கும்?"

லைப்ரரிக்குள் இருக்கும் பேர்களை மட்டும் அச்சடித்துப் பார்த்தாள். அங்கேயும் ஒரு 'ரவுண்ட்' இருந்தது. புள்ளிக்கு அப்புறம் இரண்டு எண்ணோடு நிறுத்துவது அதன் வேலை. ஆனால் இணைக்கும்போது கம்ப்யூட்டர் அந்தப் பேரை ஆக்னஸ் எழுதியதில்தான் முதலில் பார்த்தது. அதோடு தேடுவதை விட்டுவிட்டது. அப்புறம் லைப்ரரி தன் ரவுண்டைக் கூப்பிட்டபோதெல்லாம் ஆக்னஸின் ரவுண்ட் போய் நின்று, மீட்டரையும் கால் காலாக வெட்டித் தள்ளியிருக்கிறது.

லைப்ரரியில் கை வைக்க முடியாது. தன்னுடையதற்குத்தான் பேர் மாற்ற வேண்டும். 'அடி ரவுண்ட்' என்று மாற்றினாள். அதைக் கூப்பிட்ட இடங்களையெல்லாம் தேடித் தேடித் திருத்தினாள். மறுபடி இணைத்து ஓட்டியபோது மீட்டரும் அடியும் ஒத்துப்போயின. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அவளோ தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேரே சாரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். நானும் பின்னாலேயே போனேன்.

"முதலாளிகிட்ட கம்ப்யூட்டர் தப்புன்னு நான் எப்படிம்மா சொல்றது? சரி பண்ணிட்டல்ல, விடு."

"கம்ப்யூட்டர் தப்பில்ல சார், நான் வெச்ச பேருதான் தப்பு. அவரைக் கூப்பிடுங்க சார்."

"அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு. போம்மா, போய் வேலையப் பாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையையே கவிழ்த்திருப்பேன். ஆக்னஸ் திரும்பி வந்து அன்றைய வேலையை முடித்தாள். சாயங்காலம் ரயிலை விட்டுவிட்டு, "சுப்பராயன் அண்ணன் வீட்டைக் காட்டு" என்றாள்.

அவர் வாசலில் குந்தியிருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். ஆக்னஸ் நடந்ததைச் சொல்லி, "வேலைய வாங்கிக் குடுக்க என்னால முடியலண்ணா" என்றாள்.

அவர் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. உள்ளே கையைக் காட்டினார். "அவகிட்ட சொல்லும்மா. கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டா. அன்னிலேர்ந்து எங்கிட்ட பேச்சே இல்ல."

அவர் மனைவி தனகோடி அடுப்படியில் இருந்தார். ஆக்னஸ் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். ஒரே பேரில் இரண்டு, கூப்பிட்டது ஒன்று, வந்து நின்றது இன்னொன்று. தனகோடி பாதி புரிந்தும் புரியாமலும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்கும் ஒரே பேரு இருந்துச்சின்னுதான் எம் புருசனத் திருடன்னாங்களா?"

"ஆமாக்கா."

தனகோடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசல் பக்கம் திரும்பி, "கைகால் கழுவிட்டு வாய்யா. சோறு போடறேன்" என்றார்.