நாற்பதில் நின்ற முள்

பழைய கார் ஒன்றை வாங்கிய புதிதில், நிருபர் வேலையில் செய்திக்காகப் போன கிராமத்துத் தடங்களில் எல்லாம் அதன் அடிப்பாகம் கல்லில் தட்டியது. உக்கடத்தில் டயர் கடை வைத்திருந்த பாய் ஒரு சைஸ் பெரிய டயரைப் போடச் சொன்னார். போட்டதும் வண்டி சற்று உயர்ந்தது. குழியில் இறங்கினாலும் முதுகில் இடிக்கவில்லை. ஆனால் ஸ்டியரிங் கனத்துவிட்டது. முழுக்கத் திருப்பினால் சக்கரம் மட்கார்டில் உரசியது.

"மீட்டர மட்டும் நம்பாதீங்க" என்றார் பாய். "டயர் பெருசானா ஒரு சுத்துக்குப் போற தூரமும் ஜாஸ்திங்க. அது மீட்டருக்குத் தெரியாது. முள்ளு நாப்பதுல நின்னா, நீங்க நாப்பத்தி நாலுல போறீங்க."

கிலோமீட்டர் கற்களை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

அந்த வருஷமே என் மனைவியின் சித்தப்பா மகனுக்கு வெள்ளகோவிலில் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் நின்று செய்வது. அவனுக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை கிடையாது. சின்ன வயதில் அவனைக் கைபிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள் என் மனைவி. அவள்தான் நிற்க வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். நேரத்துக்கு வராவிட்டால் மண்டபத்தில் இருக்கும் வேறொரு பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்திவிடுவார்கள்.

சீர் மாலை ஆறு மணிக்கு. அவள் ஆசிரியை, பரீட்சை வேலை முடிந்து துடியலூர் வீட்டுக்கு வரும்போதே மூன்று மணி தாண்டிவிட்டது. கிணத்துக்கடவிலிருந்து காலையிலேயே வந்து காத்திருந்த என் மாமனார் முன்சீட்டில் ஏறினார். பெண்பிள்ளைகள் உட்கார்ந்த வண்டி நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். துண்டை மடியில் போட்டுக்கொண்டு முள்ளையே பார்த்தபடி வந்தார். முள் லேசாக நடுங்கினாலும் "மாப்ளே" என்பார். நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பேன்.

சிங்காநல்லூரைத் தாண்டவே வெகுநேரம் ஆயிற்று. பின்சீட்டில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த என் மனைவி, கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

பல்லடம் தாண்டியதும் மாமனார் முள்ளை விட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தையும் கிலோமீட்டர் கற்களையும் மாறி மாறிப் பார்த்தார். தோப்பில் மோட்டார் போட்டால் எந்தத் தென்னைக்கு எத்தனை நேரத்தில் தண்ணீர் எட்டும் என்று பார்த்தே பழகியவர்.

"ஏனுங்க மாப்ளே, நாப்பதுல போனாப் பத்துக் கிலோமீட்டருக்குக் கால் மணி நேரம் ஆகோணும். பதினாலு நிமிசங்கூட ஆகலீங்களே?"

டயர் விஷயத்தைச் சொன்னேன். நிஜமான நாற்பது வேண்டுமென்றால் முள்ளை முப்பத்தாறில் வைக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் பின்னால் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் கூடையின் மூடியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முள்ளு நாப்பதுலதானுங்க இருக்குது?"

"ஆமாங்க மாமா."

"அப்பறம் என்னுங்க? அப்படியே உடுங்க."

பின்சீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. காங்கயத்துக்குப் பிறகு ரோடு மோசம். பெரிய டயர் அதைப் பொருட்படுத்தவில்லை. மாமனார் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

மண்டபத்து வாசலில் நாங்கள் இறங்கியபோது உள்ளே சீருக்கு அப்போதுதான் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றிருந்த தம்பி, அக்காவைப் பார்த்ததும் பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்து நின்றான். அவள் முகம் கழுவக்கூடப் போகாமல் நேரே போய் நின்றுகொண்டாள்.

இத்தனை சீக்கிரம் எப்படி வந்தீர்கள், வண்டியை விரட்டினீர்களா என்று சித்தப்பா கேட்டார்.

"நாப்பதத் தாண்ட உடவே இல்லை தம்பி" என்றார் என் மாமனார். "முள்ளப் பாத்துட்டேதான் வந்தேன்."