எலுமிச்சைத் தோலும் என் ஐயமும்

எழுபதுகளின் தொடக்கத்தில் தெஹியோவிட்டவை அடுத்த றப்பர் தோட்டமொன்றில் ஆசிரியனாக இருந்தேன். ஞாயிறுதோறும் சிற்றாலயத்தில் செபம் நடத்தும் பொறுப்பும் எனதே. மாதமொருமுறை போதகர் அவிசாவளையிலிருந்து பஸ்ஸில் வருவார். திருவிருந்து பெறத் தக்கோர் பெயர்களை எழுதி அவரிடம் கொடுப்பவன் நான்.

எங்கள் சபையைச் சேர்ந்த பால்வெட்டும் பெண்ணொருத்தியின் கணவர் அவ்வாண்டு மாரியில் பாம்பு தீண்டி இறந்தார். இரு திங்கள் கழியுமுன் மகள் காய்ச்சலால் மருத்துவமனையில் கிடந்தாள். அதன்பின் அவள் வாளியில் சேர்த்த றப்பர் பால், தொழிற்சாலையை அடையுமுன்னரே கட்டிபடத் தொடங்கியது. மற்றவர் பால் நீராகவே இருந்தது. இனியும் இப்படியானால் வேலையில்லை என்று கணக்கப்பிள்ளை எச்சரித்தார்.

பீலியில் நீர் பிடித்த பெண்கள் அவளைப் பற்றிப் பேசியது என் செவியில் விழுந்தது.

“கர்த்தர் சும்மா அடிப்பாராக்கா? உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு.”

“செபம் பண்றதப் பாத்தா மோட்சத்துச் சாவியே அவ முந்தானையில இருக்கிற மாதிரி!”

அவர்களைக் கடிந்திருக்க வேண்டும். மாறாக, அன்று மாலை அவள் குடியிருந்த லயத்து வீட்டின் பின்புறத்தை நோட்டமிட்டேன். பிழிந்த எலுமிச்சைத் தோல்கள் குவிந்து கிடந்தன. சூனியம் நீக்கக் கட்டாடி என்னும் மந்திரவாதியை அழைத்து எலுமிச்சை வெட்டுவிப்பது அப்பகுதி வழக்கம். வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை; அவளை அழைத்துக் கேட்டேன்.

“கட்டாடிகிட்ட போனியாம்மா? மறைக்காமச் சொல்லு.”

“இல்லீங்கய்யா.”

“அப்புறம் ஏன் உனக்கு மட்டும் இப்படி நடக்குது?”

அவள் வாய் திறக்கவில்லை. மௌனத்தை ஒப்புதலென்று கொண்டு, பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு கடிதத்தைக் கொடுக்கத் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தேன். பால் வாங்கும் சிங்கள முதியவர் அவளது வாளியை முகர்ந்து, தங்கையை அழைப்பதுபோல் கேட்டார்.

“நங்கி, இதில தெஹி, எலுமிச்ச வாசம் வருதே! எதில கழுவுறது?”

“எலுமிச்சத் தோல் போட்டுத் தேய்க்கிறேங்க. வாளி அழுக்குன்னு முன்ன ஒருக்கா கணக்கப்பிள்ள ஏசினாரு.”

“அம்மோ! புளி பட்டா பால் கட்டியாகும்தானே! சாம்பல் போடு நங்கி.”

வீட்டுக்கு விரைந்து அவள் பெயரை எழுதினேன். அத்துடன் முடிந்ததென்றே எண்ணினேன்.

மறுநாள் போதகர் அவள் பெயரை அழைத்தார். கடைசி வாங்குப் பலகையிலிருந்து அவள் எழவில்லை. ஆராதனை முடிந்ததும் அருகே சென்றேன்.

“பேர் எழுதியிருந்தேனே, ஏம்மா வரல?”

“நீங்க கேட்டதுலேருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேங்கய்யா. சின்னப்புள்ளையில பொய் சொன்னது, மாமியாரோட சண்ட போட்டது, எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டேன். எந்தப் பாவத்துக்காகக் கர்த்தர் எம் புருசனக் கொண்டு போனாருன்னுதான் தெரியல. அது தெரியாம எப்புடிங்க வர்றது?”

பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர் வினவியபோது, ஆண்டவர் அவ்வினாவையே புறந்தள்ளினார். அதனை எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நான். சோதனையைக் குற்றத்தின் தடயமாகக் கண்ட என் கண்ணே குருடு என்பது அக்கணத்தில்தான் விளங்கிற்று. அவள் பால் கட்டிபட்டதன் காரணத்தைத் தொழிற்சாலை முதியவர் கண்டறிந்தார். நானோ அவள் விசுவாசத்தில் புளியை ஊற்றியிருந்தேன்.

“பாவம் உன்னுது இல்லம்மா. உன்னச் சந்தேகப்பட்டேனே, அது என்னுது,” என்றேன்.

போதகரிடம் நடந்ததனைத்தையும் சபையார் காதுபடவே கூறினேன். அவர் பெட்டியில் வைத்துவிட்ட திருவிருந்துக் கிண்ணத்தை மீண்டும் வெளியே எடுத்தார். அவள் எழுந்து வர நெடுநேரமாயிற்று. வரும்போதும், இதுவும் ஏதோ சோதனையோ என்பதுபோல், என் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வந்தாள்.